பண்டிகைக்கு மறுநாளும் பசிக்கும்

வாசகர் கேள்வி – பதில்

பண்டிகைக் காலம் நெருங்க நெருங்க, வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு உணவு கொடுப்பது பற்றிக் கேட்டு நிறைய கடிதங்கள் வருகின்றன. எல்லோரும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அந்த நல்ல மனது, சாப்பிடக்கூடிய நல்ல சோறாக ஒருவரின் கைக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இந்த ஆண்டு எங்கள் நண்பர்கள் பலருக்கும் நல்லபடியாக அமைந்தது. நன்றி சொல்லும் விதமாக, பண்டிகை நாளன்று தனியாக வாழும் 50 முதியவர்களுக்கு வீடு தேடிப் போய் விருந்து கொடுக்க நினைக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ஒரே நாளில் 50 பேர் என்ற கணக்கை முதலில் கைவிடுங்கள். பண்டிகை நாளில் ஒரு முதியவர் வீட்டுக்கு மூன்று இடங்களிலிருந்து சாப்பாடு வருவது சகஜம்: பக்கத்து வீடு, ஏதாவது ஒரு சங்கம், தூரத்து உறவு. மறுநாள், அவருக்கு வழக்கமாகச் சமைத்து அனுப்பும் சமையற்கூடத்துக்கே விடுமுறை. அதற்கடுத்து வாரக் கடைசி வந்துவிட்டால் இன்னும் இரண்டு நாள் அடுப்பு எரியாது. அந்த வீட்டின் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். மூடி பிரிக்காத டப்பாக்கள் இரண்டு, பாதி தின்று ஓரம் காய்ந்துபோன இனிப்பு, ஈரம் கோத்த ஒரு காகிதப் பொட்டலம். எது எந்த நாள் வந்தது என்று எதிலும் எழுதியிருக்காது. வீணாக்க மனம் வராமல் அதையே ஐந்தாம் நாள் வரை வைத்துச் சாப்பிட்டு வயிறு கெட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

50 பேருக்கு ஒரு வேளை கொடுக்க ஆகும் அதே பணமும் உழைப்பும் 5 பேருக்குப் பத்து நாள் மதியச் சாப்பாடு கொடுக்கப் போதும். விருந்து கொடுத்தே தீர வேண்டும் என்றால், அந்த 5 பேருக்கும் முதல் நாள் விருந்தாக இருக்கட்டும்.

உங்கள் பகுதியில் ஏற்கெனவே வீட்டுக்கு உணவு அனுப்பும் அமைப்பு இருந்தால், புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்குமுன் அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். விடுமுறைக் காலத்தில் உங்கள் சமையற்கூடம் மூடியிருக்கும் நாட்கள் எவை? காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர்? மூடிய நாட்களை நிரப்பினாலே அது பெரிய உபகாரம்.

நீங்களே நேரடியாகச் செய்வதானால், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அந்த முதியவருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒருவரோடு போவது நல்லது. முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதே என்றுதான் எல்லோரும் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரே தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாப்பிடும் நேரம், ஒவ்வாமை, சாப்பிடாத பொருட்கள், சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உண்டா, பல் எப்படி, விழுங்கும்போது இருமல் வருமா, காது கேட்குமா, ஃபிரிட்ஜும் சுட வைக்க அடுப்போ மைக்ரோவேவோ இருக்கிறதா, அவசரத்துக்குக் கூப்பிட யார். இந்தத் தாள் குழுவில் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். தனியாக வசிப்பவர்களின் முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

விடுமுறை நாட்களுக்கு இப்படி ஒரு பை தயாரிக்கலாம்: அன்றைக்கே சாப்பிடச் சூடான ஒரு சாப்பாடு, ஃபிரிட்ஜில் வைக்க, குளிரவைத்த இரண்டு சாப்பாடு, அதற்குப் பிறகு இரண்டு நாளைக்குக் கெட்டுப்போகாத பொருட்கள். பால் பவுடர், மென்மையான பிஸ்கட், சுலபமாகத் திறக்கக்கூடிய டின், உடனடியாகக் கரைத்துக் குடிக்கும் கஞ்சி மாவு போன்றவை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் குளிரவைத்த டப்பாவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அங்கே தினமும்தான் போக வேண்டும்.

பண்டிகை நாளுக்கு ஆள் திரளும். அடுத்த மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. பண்டிகை நாள் வேலைக்குப் பெயர் கொடுக்க வருகிறவரிடம், வேறு ஏதாவது ஒரு மாதத்தில் ஒரு சாதாரண நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாமல், வந்த அன்றே நாட்காட்டியைக் காட்டித் தேதியை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒரு வேளைச் சாப்பாட்டில் என்னென்ன, எவ்வளவு இருக்க வேண்டும்? வயதானவர்கள் கொஞ்சம்தான் சாப்பிடுவார்கள் என்று நாங்கள் சோறும் குழம்பும் மட்டும் அனுப்புகிறோம்.

பதில்: கொஞ்சம்தான் சாப்பிடுவார்கள் என்பது உண்மை. அதனாலேயே அந்தக் கொஞ்சத்தில் சத்து நெருக்கமாக இருக்க வேண்டும். வயதாக ஆக உடம்புக்கு வேண்டிய சக்தி குறைகிறது. புரதத் தேவை குறைவதில்லை. ஆரோக்கியமான முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு. 50 கிலோ எடை என்றால் 50 முதல் 60 கிராம். உங்கள் டப்பாதான் அன்றைய பிரதான சாப்பாடு என்றால், அதில் 20 முதல் 25 கிராமாவது இருக்கட்டும். (சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.)

சோறும் தண்ணீரான குழம்பும் இந்த அளவைத் தொடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 200 மில்லி பாலிலோ தயிரிலோ ஏறக்குறைய 7. வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9. வெந்த மீனோ கோழியோ 100 கிராமில் 20-க்கு மேல். ஆக, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர் சேர்ந்தாலே வேலை முடிந்தது. அளவு பெருக்காமல் சக்தியைக் கூட்ட, சமைத்த பிறகு மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விடலாம். கஞ்சியில் பால் பவுடர் கலக்கலாம். அமெரிக்காவில் 1965-ம் ஆண்டின் முதியோர் சட்டப்படி நடக்கும் உணவுத் திட்டத்தில், ஒரு வேளை உணவு அன்றாடச் சத்துத் தேவையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பது விதி. எங்கும் வைத்துக்கொள்ளத் தக்க அளவுகோல் அது.

உப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடையில் கிடைக்கும் மாற்று உப்பை வாங்கி எல்லோருக்கும் பொதுவாகச் சமைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். சாதாரண உப்பைக் குறைத்துப் போட்டு, குறைந்த ருசியை எலுமிச்சை, மிளகு, வதக்கிய வெங்காயம், பூண்டு, மூலிகைத் தழை இவற்றால் ஈடுகட்டுங்கள். வயதாகும்போது நாக்கின் ருசியைவிட மூக்கின் மோப்பம்தான் அதிகம் மங்குகிறது. வாசனையான சாப்பாடு உள்ளே போகும், சப்பென்று இருப்பது திரும்பி வரும்.

தாகமும் வயதானால் சரியாகத் தெரிவதில்லை. டப்பாவோடு குடிக்க ஏதாவது ஒன்று போகட்டும்: மோர், பால், பழச்சாறு. கொடுக்கும்போதே மூடியைத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்தால்தான் குடிப்பார்கள்.

கேள்வி: ஒரே சமையற்கூடத்திலிருந்து 20 வீடுகளுக்கு அனுப்புகிறோம். கடைசி வீட்டுக்குப் போகும்போது சாப்பாடு ஆறிவிடுகிறது. ஆறினால் என்ன, அவர்கள் சுட வைத்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறவர் அடுப்பு பற்றவைக்கப் பயப்படுவார், அப்படியே சாப்பிட்டுவிடுவார். ஆறிய சோறு ருசியாக இராது என்பது இங்கே சின்னப் பிரச்சினைதான். வெதுவெதுப்பாக இருப்பதே ஆபத்து.

சமைத்த உணவில் கிருமிகள் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். 60-க்கு மேல் வைத்திருங்கள், அல்லது 5-க்குக் கீழே. நடுவில் விட்ட நேரம் மொத்தம் 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் நாளில் 1 மணி நேரத்துக்குள். இதில் இரண்டு கிருமிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. அரிசிச் சோற்றில் வருவது பேசில்லஸ் சீரியஸ். அதன் விதைத்துகள்கள் வேகும் சூட்டையும் தாங்கும். சோறு வெளியில் ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. அடுத்தது பெரிய பாத்திரத்துக் குழம்பிலும் இறைச்சியிலும் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். 20 லிட்டர் பாத்திரத்தை மூடி வைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த நடுப்பகுதிதான் அதற்கு வசதியான இடம். இளைஞனுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது, 85 வயதுக்காரருக்கு நீர்ச்சத்து வற்றி மருத்துவமனை வரை கொண்டுபோகும்.

உங்களுக்கு உடனே வேண்டியது உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதை நம்பாதீர்கள். கட்டும்போது உணவு 75 டிகிரியாவது இருக்கட்டும். சூடு தாங்கும் பெட்டியில் முதலில் கொதிநீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து 20 நிமிடம் மூடிவையுங்கள். ஜில்லென்ற பெட்டியில் சூடான டப்பாவை வைத்தால், டப்பாவின் சூட்டைப் பெட்டிதான் முதலில் குடிக்கும். டப்பாக்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி, மிச்ச இடத்தைத் துண்டால் அடைத்துவிடுங்கள்.

இனி உங்கள் 20 வீட்டுக் கணக்கு. கதவைத் தட்டி, அவர் எழுந்து வந்து, நாலு வார்த்தை பேசி, அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர, வீட்டுக்கு 6 அல்லது 7 நிமிடம் ஆகும். 20 வீட்டுக்கு 2 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டி திறப்பதால் சூடும் போகும். எனவே பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு வண்டி விடுங்கள். அதிலும் ஒரு வண்டிக்கு ஒரே பெரிய பெட்டி வேண்டாம், சின்னதாக இரண்டு. முதல் ஐந்து வீடு முடியும்வரை இரண்டாவதைத் திறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை ஒரு டப்பாவைக் கூடுதலாக வைத்து, கடைசி வீடு முடிந்ததும் அதன் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 60-க்குக் கீழே காட்டினால் பாதையை மாற்ற வேண்டும்.

தயிர், பழத்துண்டு, சாலட் எல்லாம் தனியாகக் குளிர்ப்பெட்டியில் போகட்டும்.

இத்தனையும் முடியாது என்றால், குளிரவைத்து அனுப்பும் முறைக்கு மாறிவிடுங்கள். அது குறைந்த முறை ஒன்றும் இல்லை. சமைத்ததை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான பாத்திரங்களில் பரப்பி, 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கிக் கிளறினால் சீக்கிரம் இறங்கும். ஃபிரிட்ஜில் 3 நாள் வரை வைக்கலாம்.

மூடியில் பெரிய எழுத்தில், கறுப்பு மையில், மூன்று வரி: என்ன உணவு, எந்தக் கிழமைக்குள் சாப்பிட வேண்டும், எத்தனை நிமிடம் சுட வைக்க வேண்டும். தேதியைவிடக் கிழமை எழுதுவது மேல்.

மூடி என்றதும் இன்னொன்று. வாங்கும்முன் டப்பாவைச் சோதித்துப் பாருங்கள். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் திறந்து பார்க்க வேண்டும். மூட்டு வலிக்காரரின் விரல்களுக்கு, சுற்றிலும் அழுத்தி ஒட்டிய அலுமினிய மூடி ஒரு பூட்டு. கத்தியால் குத்தித் திறக்கப் போய்க் கையை வெட்டிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் திறக்காமலே வைத்துவிடுவார்கள். ஒரு மூலையில் பிடித்திழுக்க நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் உணவு கொடுக்கும் ஒரு பாட்டி சாப்பிடும்போது அடிக்கடி இருமுகிறார். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு அடித்துக் கொடுக்காதீர்கள். முதலில் அவரை மருத்துவரிடமோ விழுங்கும் பயிற்சி நிபுணரிடமோ காட்ட ஏற்பாடு செய்யுங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருத்தல் ஆகியவை உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்பதற்கான அடையாளங்கள். பலருக்குத் திட உணவைவிடத் தண்ணீர்தான் அதிகம் புரையேறும். அது வேகமாக ஓடிவிடும். அதற்காகத் தண்ணீரை நீங்களே கெட்டியாக்கிக் கொடுக்கவும் வேண்டாம். கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் குடிப்பதையே விட்டுவிடுவார்கள்.

உலகம் முழுவதும் மருத்துவமனைகள் பின்பற்றும் ஒரு தரவரிசை இருக்கிறது. பானம், உணவு இரண்டையும் சேர்த்து 0 முதல் 7 வரை எண்கள். நிபுணர் எந்த எண் சொல்கிறாரோ அதைச் சமையற்கூடத்தில் எழுதி ஒட்டுங்கள். 6 என்றால் மென்மையான துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 5 என்றால் ஈரமாக மசித்தது, உள்ளே இருக்கும் கட்டிகள் 4 மில்லிமீட்டருக்குள். சாதாரண முள்கரண்டியின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி அவ்வளவுதான், அளவுகோல் தேவையில்லை. 4 என்றால் கட்டியே இல்லாத விழுது. கரண்டியைச் சாய்த்தால் ஒரே உருண்டையாக விழ வேண்டும். சொட்டக் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது.

மென்மையைச் சோதிக்கும் விதம்: துண்டின்மேல் முள்கரண்டியை வைத்து, கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்துங்கள். நசுங்கி, எடுத்த பிறகும் பழைய உருவத்துக்குத் திரும்பாமல் கிடந்தால் சரி.

தவறு பெரும்பாலும் நடப்பது கலப்பில். தண்ணீரான சூப்பில் மிதக்கும் காய்த்துண்டு, பாலில் ஊறிய தானியம் என்று நீரும் திடமும் ஒரே வாயில் சேரும்போது நீர் முன்னால் ஓடிவிடும். சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையில் சாய்ந்தபடி கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடாதீர்கள்.

கேள்வி: சாப்பாட்டோடு பழக்கூடை, இனிப்பு, கொட்டைகள் வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: முதல் நாள் குறித்த தாளைப் பார்த்துக் கொடுங்கள். பல் இல்லாதவருக்குக் கொட்டைகளை அரைத்த விழுதாகக் கொடுக்கலாம். கிரேப்ஃபுரூட், பம்பளிமாஸ் இரண்டையும் கூடையில் வைக்காதீர்கள். சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் அவை உடம்பில் அளவுக்கு மீறித் தங்கவைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கீரை கூடாது என்பதில்லை; வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பண்டிகைக்கென்று திடீரென்று மூன்று நாள் கீரையாக அனுப்பினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். இனிப்பு, சர்க்கரை நோயாளிக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டு பெரும்பாலும் பாதகமில்லை. பெட்டி நிறையக் கொடுப்பதுதான் தப்பு.

கேள்வி: நேரில் உதவ நேரம் இல்லை, பணம் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் நான் கொடுப்பது முழுவதும் உணவுக்கே போக வேண்டும். நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: நியாயமான ஆசைதான், ஆனால் கொடுப்பவர்கள் எல்லோரும் இப்படிச் சொன்னால் சமைத்த சாப்பாடு சமையற்கூடத்திலேயே இருக்கும். வண்டிக்கு எரிபொருள், டப்பா, பெட்டி, தெர்மாமீட்டர், யாருக்கு எது கூடாது என்று குறித்து வைக்கும் ஒருவரின் சம்பளம் எல்லாம் கணக்கில் நிர்வாகம் என்றுதான் எழுதப்படும். முடங்கிக் கிடப்பவருக்கு உணவு என்றால், அது அவர் வாசல்வரை வந்து சேர்ந்தால்தான் உணவு.

வேறு விதமாகக் கேளுங்கள். கடந்த ஆண்டின் மொத்தச் செலவை, சமைத்த சாப்பாடுகளால் அல்ல, வீட்டில் ஒப்படைத்த சாப்பாடுகளால் வகுத்தால் என்ன வருகிறது? தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா? விடுமுறை நாட்களில் என்ன செய்கிறீர்கள்? கதவு திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? இந்த நாலுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவர்களிடம் நம்பிக் கொடுக்கலாம்.

மொத்தமாகப் பண்டிகை மாதத்தில் கொடுப்பதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொகை அதேதான். ஆனால் அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான், காத்திருக்கும் ஒருவரிடம் நாளையிலிருந்து உங்களுக்கும் சாப்பாடு வரும் என்று அவர்களால் வாக்குக் கொடுக்க முடியும். பெற்றோர் நினைவாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை: நினைவு நாளைப் பண்டிகையோடு சேர்க்காமல் அந்தந்தத் தேதியிலேயே வையுங்கள். சமையற்கூடத்துக்கு வறட்சியான மாதங்களில்தான் உங்கள் பணம் அதிகம் பேசும்.

பழைய டின்களை வீட்டில் ஒதுக்கித் தள்ளுவதற்காக அனுப்பாதீர்கள். தேதி முடிந்ததைப் பிரித்தெடுத்து எறிவது அவர்களுக்குக் கூடுதல் வேலை.

கேள்வி: என் சித்தப்பாவுக்கு 81 வயது. தனியாக இருக்கிறார், நடக்க முடியாது. உணவு அனுப்பும் அமைப்பில் பதிவு செய்யலாம் என்றால், "எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அவருடைய கோபம் சரியான இடத்திலிருந்துதான் வருகிறது. காலமெல்லாம் உழைத்துச் சாப்பிட்டவர். முதலில், இலவசம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பல அமைப்புகள், விரும்புகிறவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம் என்று மூடிய உறை ஒன்றை வைத்திருக்கும். யார் எவ்வளவு போட்டார்கள், போட்டார்களா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. "நீங்க காசு கொடுத்துத்தான் வாங்கிக்கப் போறீங்க சித்தப்பா" என்று சொல்ல முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நிரந்தரம் என்றும் பேசாதீர்கள்; இரண்டு வாரம் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று சொல்லுங்கள். என்ன வேண்டும், எது வேண்டாம் என்று அவரே பேசித் தீர்மானிக்கட்டும். போனில் அவரை வைத்துக்கொண்டே அவருக்காக நீங்கள் பேசுவதுதான் இருப்பதிலேயே பெரிய அவமானம்.

அவருக்குச் சொல்ல ஒரு வரலாறும் இருக்கிறது. இந்த ஏற்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டுவீச்சில் வீடும் அடுப்பும் இழந்தவர்களுக்குப் பிரிட்டனின் பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பு உணவு கொண்டுபோய்க் கொடுத்ததிலிருந்து வளர்ந்தது. 1954-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் தொடங்கியது. அதே 1954-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்டில் முதல் சமையற்கூடத்தைத் திறந்த அமைப்பை நிறுவியவர் டோரிஸ் டெய்லர். அவரே நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வீட்டில் முடங்குவது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர், முதியவர்கள் விடுதிக்குப் போகாமல் தங்கள் வீட்டிலேயே வாழ வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் சித்தப்பாவும் தன் வீட்டில் தானே ராஜாவாக இருப்பதற்குத்தான் இந்தச் சாப்பாடு.

இதைப் படிக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒன்று: டப்பாவை நீட்டியபடி படம் எடுக்காதீர்கள். அவர் தலை வாரவில்லை, சட்டைப் பொத்தான் போடவில்லை, வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் இல்லை. நன்கொடையாளருக்குப் படம் வேண்டுமென்றால் அடுக்கி வைத்த டப்பாக்களை எடுங்கள்.

கேள்வி: கதவைத் தட்டியும் திறக்காவிட்டால் உணவை வாசலில் வைத்துவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. உணவும் கெடும், உள்ளே என்ன ஆயிற்று என்றும் தெரியாது. முதலில் ஐந்து நிமிடம் காத்திருங்கள். எழுந்து வர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு போன் செய்து, மணி உள்ளே ஒலிப்பது கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்து பக்கத்து வீடு. பிறகு தாளில் குறித்த அவசர எண். யாருக்கும் ஒன்றும் தெரியாவிட்டால், காவல் துறைக்கோ அவசர உதவிக்கோ சொல்லுங்கள். மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ போயிருக்கலாம். இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். விழுந்து எழ முடியாமல் தரையில் கிடக்கும் ஒருவருக்கு அன்றைக்குக் கதவைத் தட்டப் போகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

கதவு திறந்தாலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நேற்றைய டப்பா தொடாமல் இருக்கிறதா, கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவுகிறதா, மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 6 முதல் 12 மாதத்துக்குள் எடை 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோக்காரர் இரண்டரை கிலோ இழந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். ஐந்து நாளுக்கு மேலாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்த ஒருவரைக் கண்டால், இரக்கப்பட்டு வயிறாரச் சாப்பிட வைக்காதீர்கள். பட்டினிக்குப் பிறகு திடீரென்று உணவு நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துக் குறைந்த அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டுவார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக் குழந்தைகள் பண்டிகைக்கு உணவுப் பையோடு வாழ்த்து அட்டை வைக்க ஆசைப்படுகிறார்கள். என்ன எழுதச் சொல்லலாம்?

பதில்: நல்ல யோசனை. பளபளப்பில்லாத வெள்ளைக் காகிதம், தடித்த கறுப்புப் பேனா, ஒரு விரல் உயர எழுத்து. ஜிகினாத் தூள் ஒட்ட வேண்டாம். சாப்பாட்டில் விழும், கண்ணிலும் படும். "சீக்கிரம் குணமாகுங்கள்" என்று எழுத வேண்டாம். அவர் நோயாளி இல்லை, வயதானவர். குழந்தை தன் முதல் பெயரை மட்டும் எழுதட்டும், முகவரி வேண்டாம். பாராட்டு வாசகத்தைவிட ஒரு கேள்வி மேல்: "உங்களுக்கு என் வயசு இருக்கும்போது என்ன விளையாடினீங்க தாத்தா?" பதில் எழுத, பின்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொல்ல, மறுநாள் டப்பா எடுக்க வருகிறவர் எழுதிக்கொண்டு போய் அந்தக் குழந்தையிடம் கொடுக்கட்டும். அதற்கு அந்த வீட்டில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். பாதை போடும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.